வீங்கிய காலும் வீங்கிய கையும்

தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களுக்கு யானைக்காலை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் கை வீங்கக்கூடும் என்பதோ, வீங்கிய பிறகுதான் பல பெண்களுக்குத் தெரிய வருகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். திசுக்களில் ஊறும் நிணநீரை வடித்துச் செல்லும் குழாய்கள் பழுதாகி, நீர் அங்கேயே தங்கிவிடுகிறது. காலில் அந்தப் பழுதைச் செய்வது கியூலெக்ஸ் கொசு பரப்பும் ஃபைலேரியா புழு. கையில் செய்வது உயிரைக் காப்பாற்றிய சிகிச்சையே: அக்குளில் நிணநீர்க் கணுக்களை அகற்றுவதும் கதிர்வீச்சும். கணுக்களை மொத்தமாக அகற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்குக் கை வீங்குகிறது.

மருத்துவமனையில் இரண்டையும் டேப் வைத்து அளக்கிறார்கள். எத்தனை சென்டிமீட்டர் என்பதை வைத்து அந்த மனிதரின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று சொல்லிவிட முடியாது.

யானைக்கால் வந்தவரின் பிழைப்பைக் கெடுப்பது காலின் கனம் மட்டும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறோம். அவர்களைக் கேட்டால் முதலில் காய்ச்சலைத்தான் சொல்வார்கள். திடீரென்று குளிர் நடுக்கம், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து தொட முடியாத எரிச்சல். நாலைந்து நாள் படுக்கை. அத்தனை நாள் கூலியும் போயிற்று. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கிறது, தோல் தடிக்கிறது. இந்தக் காய்ச்சலைப் பெரும்பாலும் கொண்டுவருவது புழு அல்ல, விரலிடுக்குச் சேற்றுப்புண் வழியாக உள்ளே போகும் பாக்டீரியா. நாற்று நடும் பெண்ணுக்குச் சேற்றில் நிற்பதே தொழில். நோய் முற்றினால் செருப்பு நுழையாது, பஸ் படி ஏறுவது பாடு, குந்தி உட்கார முடியாததால் கழிப்பறைக்குப் போவதே கஷ்டம். தொட்டால் ஒட்டாத நோய் என்று தெரிந்தும் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கை வீங்கியவரின் சிரமம் கண்ணில் படாது. புடவைத் தலைப்பு மூடிவிடும். ரவிக்கைக் கை பிடிக்கும், வளையல் ஏறாது, தலை பின்னும்போது தோள் கடுக்கும். தேங்காய் துருவுவதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் துணி பிழிவதும் வலது கை வேலைகள். வீங்கியது வலது கை என்றால் வீட்டில் பாதி வேலை நிற்கும். "ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே" என்று வீட்டார் சொல்வார்கள். இதற்குமேல் அவர் எப்படி விளக்குவார்? வீக்கத்தை அடக்கக் கையில் மாட்டும் இறுக்கமான அழுத்த உறையைச் சித்திரை வெயிலில் பகலெல்லாம் போட்டிருப்பது தனி வேதனை. அதுவும் சில மாதங்களில் தளர்ந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும்.

என்னை உறுத்துவது இருவருக்கும் கிடைக்கும் ஆலோசனையில் உள்ள ஏற்றத்தாழ்வு. கைக்காரருக்குத் தடைகள் அதிகம்: எடை தூக்காதே, அந்தக் கையை அசைக்காதே. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கை வீங்கிய பெண்கள் உறை அணிந்து, முதலில் பயிற்சியாளர் மேற்பார்வையிலும் பிறகு தாங்களாகவும், எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டி ஓராண்டு தூக்கினார்கள். வீக்கம் அதனால் கூடவில்லை; திடீரென்று மோசமாவதும் குறைந்தது. தசை அசையும்போதுதான் நிணநீர் நகர்கிறது. பயத்தில் கையை மடியிலேயே வைத்திருந்தால் பலமும் குறையும், வேலையும் நிற்கும்.

கால்காரருக்கு நேர்மாறு. சொல்ல வேண்டிய எளிய விஷயம்கூட முழுதாகச் சொல்லப்படுவதில்லை. தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு விரலிடுக்குவரை கழுவி, ஈரம் போக ஒற்றி, புண்ணுக்குக் களிம்பு போட்டு, படுக்கும்போது காலை உயர்த்தி வைத்தால் காய்ச்சல் வருவது வெகுவாகக் குறையும். உலக சுகாதார நிறுவனம் 2000இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்கு இரண்டு குறிக்கோள்கள்: நோய் பரவுவதை நிறுத்துவது, ஏற்கெனவே வீங்கியவர்களைப் பராமரிப்பது. டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகளை ஊருக்கே கொடுத்தது முதலாவதற்கு. வீங்கி முற்றிய காலை அந்த மாத்திரை பழையபடி ஆக்காது. கழுவக் கற்றுக்கொடுக்க ஒரு செவிலியரும், ஒரு பேசினும், அளவுக்குத் தைத்த செருப்பும் அந்தக் காலுக்கு இன்னும் தேவை. மாத்திரைக்குக் காட்டிய அக்கறையில் பாதியாவது இதற்கும் காட்ட வேண்டும்.

கையோ காலோ, வீங்கிய இடம் சிவந்து சுட்டு, கூடவே குளிர் காய்ச்சலும் வந்தால், எண்ணெய் தேய்த்து நீவிப் பார்க்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.