கல்நார்த் தூசியும் ஒரு நோயின் வரலாறும்

ஆய்வுக்கூடத்தில் முக்காலியின்மேல் கம்பிவலையை வைத்து, அதன்மேல் கண்ணாடிக் குடுவையை ஏற்றிச் சூடாக்குவது வழக்கம். நான் ஆசிரியப் பணி தொடங்கிய நாளில் அவ்வலையின் நடுவே வெண்ணிற வட்டமொன்று பூசப்பட்டிருக்கும். அதுவே கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்று உலகம் வழங்குவது. கல்லாய்ப் பிறந்து, பஞ்சுபோல் பிரிந்து, நூலாகவும் நூற்கப்பட்டு, தீயில் வேகாது நிற்கும் இந்த விந்தைப் பொருளுக்கும் மீசோதீலியோமா என்னும் கொடிய புற்றுநோய்க்கும் உள்ள உறவு எவ்வாறு வெளிப்பட்டது என்பதையே இன்று கூற விழைகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் கிம்பர்லி நகருக்கு மேற்கே கல்நார்க் குன்றுகள் உள்ளன. நீலக் கல்நார் அங்கேதான் வெட்டி எடுக்கப்பட்டது. ஆடவர் பாறையைப் பிளப்பர். பெண்டிரும் சிறுவரும் சிறு சுத்தியலால் தட்டி நாரைப் பிரிப்பர். கழிவுத் தூசி குவிந்த மேடுகள் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல்களாயின.

1950-களில் கிம்பர்லியின் காசநோய் மருத்துவமனையை நடத்திய டாக்டர் ஸ்லெக்ஸ் ஒரு புதிரைக் கண்டார். புதிய காசநோய் மருந்துகளால் நகருக்குக் கிழக்கிலிருந்து வந்தோர் குணமடைந்தனர். மேற்கிலிருந்து வந்தோரிற் சிலர் குணமடையவில்லை. மருந்து ஒன்றே; திசைதான் வேறு! ஜோகன்னஸ்பர்க்கில் நோய்க்குறியியல் அறிஞர் வாக்னர் 1956-இல் ஓர் உடலை ஆய்ந்தபோது, நுரையீரலைச் சூழ்ந்த மெல்லிய உறையிலே பெரிய கட்டியைக் கண்டார். காசம் என்று கருதப்பட்டது காசமன்று. அதுவரை மிக அரிதென்று எண்ணப்பட்ட புற்றுநோய் அது.

பின்னர் நோயாளிகளை, "எங்கே பிறந்தீர்? எங்கே வளர்ந்தீர்?" என்று வினவலாயினர். எளிய வினாதான், ஆயினும் நுண்பெருக்காடி காட்டாததை அது காட்டியது. வாக்னரும் ஸ்லெக்ஸும் அறுவை மருத்துவர் மார்ச்சாண்டும் 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் 33 நோயாளிகள் இடம்பெற்றனர்: ஆடவர் 22, பெண்டிர் 11. ஒருவர் நீங்கலாக ஏனையோர் யாவரும் நீலக் கல்நார்த் தூசிக்கு ஆட்பட்டவராகத் தோன்றினர். அவர்களுள் பலர் சுரங்கத்தில் கூலி பெற்றவரல்லர். அதனருகே குழந்தைகளாய் வாழ்ந்தவர்கள்.

1965-இல் லண்டனில் நியூஹவுஸ் அம்மையாரும் தாம்ப்ஸனும் வெளியிட்ட ஆய்வும் இதை வலியுறுத்திற்று. அவர்கள் வரலாறு திரட்டிய 76 நோயாளிகளுள் 40 பேர் தொழிலாலோ வீட்டாராலோ கல்நாரோடு தொடர்புற்றவர். வீட்டாரால் என்றால் எப்படி? கணவன் ஆலையிலிருந்து தூசி படிந்த உடையோடு வருவான். மனைவி அதை உதறித் துவைப்பாள். அவ்வளவே அவள் செய்தது. எஞ்சிய 36 பேரிலும் 11 பேர் ஆலைக்கு அரை மைலுக்குள் குடியிருந்தவர்கள்.

இவ்வுண்மை இத்தனை காலம் மறைந்திருந்ததற்குக் காரணம் உண்டு. முதன்முதல் தூசியைச் சுவாசித்த நாளுக்கும் இறுதி நோய்க்கும் இடையே அந்த லண்டன் நோயாளிகளுக்கு 16 முதல் 55 ஆண்டுகள் கழிந்திருந்தன. நுண்ணிய நார் நுரையீரலின் ஆழத்தே புகுந்து, கரையாமல் தங்கி, மெல்ல மெல்லத் தீங்கு செய்கிறது. ஆண்டுகள் ஏற ஏற ஆபத்தும் விரைந்து ஏறுவதால், இளமையில் தூசிக்கு ஆட்பட்டவர்க்கே இடர் மிகுதி. நீலமும் பழுப்புமான வகைகள் மிகக் கொடியன, வெண்கல்நாரும் குற்றமற்றதன்று.

புகைபிடித்தலும் இந்நோய்க்குக் காரணமென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரற் புற்றுநோய் பன்மடங்கு பெருகும். மீசோதீலியோமாவைப் புகை தூண்டுவதாகச் சான்றில்லை. ஆனால் கல்நார் ஒன்றே காரணமும் அன்று. துருக்கியின் கராயின் என்னும் சிற்றூரில் எரியோனைட் என்ற வேறொரு கனிம நாரால் இந்நோய் குடும்பம் குடும்பமாகத் தாக்கியது. மார்பில் செலுத்திய கதிர்வீச்சுச் சிகிச்சையாலும், பரம்பரையாக வரும் சில மரபணுக் குறைகளாலும் சிலர்க்கு இடர் கூடுகிறது.

பிரிட்டன் 1999-இலும் தென்னாப்பிரிக்கா 2008-இலும் எல்லா வகைக் கல்நாரையும் தடுத்தன. எனினும் தடைக்கு முன் மூச்சில் புகுந்த நார் தடைக்குப் பின்னும் நோயாகிறது. இந்தியாவிலோ வெண்கல்நார் இன்றும் இறக்குமதியாகிச் சிமெண்டுக் கூரைத் தகடுகளில் சேர்கிறது. முழுத் தகட்டில் நார் சிமெண்டோடு இறுகிக் கிடக்கும். அறுக்கும்போதும் துளையிடும்போதும் உடைக்கும்போதும்தான் அது தூசியாய்க் காற்றில் எழுகிறது.