நீண்ட விமானப் பயணம்: ஆசனத்தில் அசையாமல் இருப்பதே ஆபத்து

யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவில் உள்ள பிள்ளைகளிடம் செல்லும் ஒரு தாயின் பயணத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கட்டுநாயக்க வரை வாகனத்தில் 7 அல்லது 8 மணித்தியாலங்கள். விமான நிலையத்தில் சுமார் 3 மணித்தியாலங்கள். டோகா அல்லது டுபாய் வரை ஏறத்தாழ 5 மணித்தியாலங்கள். அங்கு சில மணித்தியாலக் காத்திருப்பு. பின்னர் ரொறன்ரோவுக்குச் சுமார் 14 மணித்தியாலங்கள். மொத்தத்தில் 30 மணித்தியாலங்களுக்கு மேல். அதில் பெரும் பகுதி உட்கார்ந்தபடியே கழிகிறது.

இந்த நேரத்தைச் சௌகரியமாகக் கழிப்பது உடல்வலி சார்ந்த விடயம் மட்டுமல்ல, உயிரோடும் தொடர்புடையது.

கால்களில் நடப்பது என்ன?

நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் உள்ள குருதியை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகின்றன. மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் இந்த வேலை நின்றுபோகிறது. கால்கள் வீங்குகின்றன. சிலருக்குக் காலின் ஆழமான நாளங்களில் குருதி உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் மரணமும் நேரலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வறிக்கையின்படி, 4 மணித்தியாலங்களுக்கு மேற்பட்ட பயணத்தின் பின்னர் இந்த ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆனாலும் ஆரோக்கியமான ஒருவருக்கு அது சுமார் 6000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே உள்ளது. எனவே பயந்து பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அதே அறிக்கை பஸ், கார், புகையிரதப் பயணங்களுக்கும் இது பொருந்தும் என்கிறது. ஆகவே எச்சரிக்கை யாழ்ப்பாணத்தில் வாகனம் ஏறும்போதே தொடங்க வேண்டும். வழியில் இரண்டு தடவையாவது இறங்கிச் சற்று நடப்பது நல்லது.

யாருக்கு ஆபத்து அதிகம்?

முதியவர்கள், உடற்பருமன் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோயாளர்கள், கருத்தடை மாத்திரை பாவிப்பவர்கள், முன்பு குருதி உறைவு ஏற்பட்டவர்கள் ஆகியோர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். மிக உயரமானவர்களுக்கும் மிகக் குட்டையானவர்களுக்கும் கூட ஆபத்து அதிகம். கால் தரையில் படாமல் தொங்கும்போது ஆசனத்தின் விளிம்பு தொடையின் பின்புறத்தை அழுத்துகிறது. எங்கள் அம்மாமார் பலருக்கு இது பொருந்தும். விமானம் உயரத்தில் நிலைபெற்ற பின், சிறிய கைப்பையை அல்லது மடித்த போர்வையைப் பாதத்தின் கீழ் வைத்தால் அந்த அழுத்தம் குறையும்.

இத்தகையவர்கள் பயணத்துக்கு முன் வைத்தியரிடம் ஆலோசனை பெற வேண்டும். கெண்டைக்காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை சிலருக்குப் பயன்தரும். ஆனால் அளவு பொருந்த வேண்டும். நீரிழிவினால் காலில் உணர்வோ குருதியோட்டமோ குறைந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதை அணியக்கூடாது. யாரோ சொன்னார்கள் என்பதற்காக அஸ்பிரின் போட்டுக்கொள்வதும் தவறு.

தண்ணீரைக் குறைப்பது தீர்வல்ல

பக்கத்தில் இருப்பவரை எழுப்பக் கூச்சம், மலசலகூடக் கதவைத் திறக்கத் தெரியாத தயக்கம், மொழிப் பிரச்சினை. இவற்றால் முதியவர்கள் பலர் பயணம் முழுவதும் தண்ணீரைத் தவிர்த்துவிடுகிறார்கள். விமானத்தின் உள்ளே ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் குறைவு. தொண்டையும் கண்ணும் தோலும் விரைவில் உலரும். தண்ணீரை இடையிடையே சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்; மதுபானத்தைத் தவிர்க்க வேண்டும். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவு மட்டுப்படுத்தப்பட்டவர்கள் வைத்தியர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

பயணச்சீட்டைப் பதிவு செய்யும்போதே நடைபாதை ஓர ஆசனத்தைக் கேட்டு வாங்கிக் கொடுப்பது பிள்ளைகளின் பொறுப்பு. யன்னலோரம் இருப்பவர் எழுந்திருக்க இரண்டு பேரைக் கடக்க வேண்டும். அதனாலேயே எழும்பாமல் இருந்துவிடுவார். மலசலகூடக் கதவு எப்படித் திறக்கும், பணியாளரை அழைக்கும் பொத்தான் எது என்பதைத் தொலைபேசியில் ஒரு படம் காட்டி விளங்கப்படுத்தினாலே பாதித் தயக்கம் போய்விடும்.

ஆசனத்தில் செய்யக்கூடியவை

• மணிக்கு ஒரு தடவையாவது, குதிக்காலைத் தரையில் வைத்து முன்பாதத்தை உயர்த்துங்கள். பின்னர் முன்பாதத்தை ஊன்றிக் குதிக்காலை உயர்த்துங்கள். 15 தடவைகள் போதும். கணுக்காலை இரு பக்கமும் சுழற்றுங்கள்.

• விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து நடவுங்கள். ஆசனப்பட்டி விளக்கு எரியும்போது எழும்ப வேண்டாம்.

• காலுக்கு மேல் கால் போட்டு நீண்டநேரம் இருக்காதீர்கள்.

• சிறிய தலையணையை அல்லது சுருட்டிய சால்வையை இடுப்பின் பின்புறம் வைத்தால் முதுகுவலி குறையும்.

• தளர்வான உடையும் எளிதில் கழற்றக்கூடிய பாதணியும் அணியுங்கள். பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டவேண்டாம். விமானத்தில் காற்றழுத்தம் குறைவதால் வயிற்றில் உள்ள வாயு விரிந்து உப்புசம் தரும்.

• உறங்கும்போது ஆசனப்பட்டியைப் போர்வைக்கு மேலே தெரியும்படி போடுங்கள். பணியாளர்கள் உங்களை எழுப்ப நேராது.

• தூக்க மாத்திரை போட்டு ஒரே நிலையில் பல மணித்தியாலம் உறங்குவதைத் தவிருங்கள்.

• அன்றாட மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் பாவிப்பவர்கள் நேர வித்தியாசத்துக்கு ஏற்ப அதை எப்போது போடுவது என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டு எழுதி வைத்திருங்கள்.

இறங்கிய பின்னரும் கவனம்

இரண்டு பாதங்களும் ஓரளவு வீங்கியிருப்பது வழமை. நடமாடத் தொடங்கியதும் அது வடிந்துவிடும். ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் சிவப்பும் இருந்தால் அதைப் பயணக் களைப்பு என்று நினைத்துத் தைலம் பூசி உருவக்கூடாது. அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் குருதி ஆகியவை தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். இந்த அறிகுறிகள் பயணம் முடிந்து சில வாரங்களின் பின்னரும் வரலாம்.

வந்திறங்கிய பெற்றோர் “கால் கொஞ்சம் நோகுது, பரவாயில்லை” என்று சொல்லக்கூடும். பிள்ளைகள் அந்த வார்த்தையோடு விட்டுவிடாமல் இரண்டு கால்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.