குண்டுப் பையனும் ஊர் வாயும்: ரிச்சர்ட் சிம்மன்ஸ் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள்.

எனக்குச் சர்க்கரை வந்தபிறகு டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். மழைக்காலத்தில் எங்கே நடப்பது? வீட்டுக்குள்ளேயே செய்யும் பயிற்சி ஏதாவது கிடைக்குமா என்று யூடியூபில் தேடினேன். சுருட்டை முடியும் ஜிகினா பனியனும் தொடை தெரியும் அரை டிராயருமாக ஒருவர் குதித்துக்கொண்டிருந்தார். முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பேத்தி எட்டிப் பார்த்து, "யாரு தாத்தா இந்தக் கோமாளி?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் ரிச்சர்ட் சிம்மன்ஸ். 1948 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மில்டன். அந்த ஊரில் பிரலீன் என்று ஒரு இனிப்பு உண்டு. சர்க்கரைப் பாகில் பருப்பைப் போட்டுச் செய்வது, நம் கடலை மிட்டாய்க்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுவனாக அதைத் தெருவில் நின்று விற்றவர் அவர். பள்ளிப் படிப்பை முடிக்கும்போது எடை 268 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 120 கிலோ.

குண்டுப் பையனுக்குப் பள்ளியில் என்ன நடக்கும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்கள் கேலி செய்வதற்கு முன்னால் தானே தன்னைக் கேலி செய்துகொண்டால் அடி கொஞ்சம் குறையும். அந்தப் பையனும் அந்த வித்தையைத்தான் கற்றுக்கொண்டான்.

பிறகு இத்தாலியில் படிக்கப் போனார். அங்கே ஃபெலினியின் படத்தில்கூடச் சிறு வேடத்தில் தோன்றியிருக்கிறார். குண்டு உடம்புக்காகவே விளம்பரங்களிலும் வாய்ப்பு வந்தது. ஒருநாள் அவருடைய காரில் யாரோ பெயர் போடாத சீட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்கள். நீ வேடிக்கையான ஆள், ஆனால் குண்டானவர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்கள், நீ இறந்துவிடாதே என்பது அதன் சாரம். இந்தக் கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அதைப் படித்துப் பயந்து, பட்டினி கிடந்து, நூறு பவுண்டுக்கும் மேல் குறைத்தார். முடி கொட்டியது, உடம்பு கெட்டு மருத்துவமனையில் படுத்தார். பட்டினியால் இளைப்பது எவ்வளவு ஆபத்து என்று பட்டறிந்தவர் அவர்.

லாஸ் ஏஞ்சலஸ் வந்தபோது அங்கிருந்த உடற்பயிற்சிக் கூடங்கள் ஏற்கெனவே கட்டுடலோடு இருப்பவர்களுக்கானவையாக இருந்தன. குண்டானவர் உள்ளே நுழையவே கூச்சப்பட வேண்டும். ஆகவே 1974-இல் பெவர்லி ஹில்ஸில் தானே ஒரு கூடம் திறந்தார். பிற்காலத்தில் அதன் பெயர் ஸ்லிம்மன்ஸ்.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர்களில் இவர் முதல் ஆள் அல்ல. ஜாக் லலேன் 1951-லேயே தொடங்கிவிட்டார். 1982-இல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் வீடியோ கேசட் வந்து வீட்டுக்கு வீடு பரவியது. ஆனால் அவர்களைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? "இந்த உடம்பு நமக்கு எங்கே வரப்போகிறது" என்றுதான். சிம்மன்ஸ் வேறு வழியில் போனார். 1980 முதல் 1984 வரை ஓடிய அவருடைய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பயிற்சி, சமையல், நகைச்சுவை எல்லாம் கலந்திருந்தன. 1988-இல் வந்த 'ஸ்வெட்டின் டு தி ஓல்டீஸ்' கேசட்டில் பழைய பாட்டுகளுக்கு ஆடினார். அவருக்குப் பின்னால் ஆடியவர்கள் அழகிகள் அல்ல. நம் தெருவில் காய்கறி வாங்கப் போகும் பெண்களைப் போன்றவர்கள், பருத்தவர்கள், வயதானவர்கள். கடைசியில் ஒவ்வொருவராக ஆடிக்கொண்டு முன்னால் வருவார்கள், அவர் எத்தனை பவுண்டு குறைத்தார் என்று திரையில் எழுத்து வரும். லட்சக்கணக்கில் விற்றது.

ஊர் என்ன சொன்னது? ஊர் இரண்டாகப் பிரிந்தது என்று சொல்ல முடியாது. ஒரே ஊர்தான் இரண்டையும் செய்தது. பகலில் அவர் கேசட்டைப் போட்டு ஆடியது, இரவில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் அவரைக் கிண்டல் செய்வதைப் பார்த்துச் சிரித்தது. அந்த உடை, அந்தக் கீச்சுக் குரல், பொசுக்கென்று வரும் கண்ணீர், பெண்தன்மை என்று பிறர் சொன்ன அசைவுகள் எல்லாமே கேலிக்கு ஆயின. கல்யாணம் ஏன் ஆகவில்லை, அவர் யார், எப்படிப்பட்டவர் என்று ஊகங்கள். அதைப் பற்றி அவர் வெளியில் பேசியதே இல்லை. 2000-ஆம் ஆண்டு லெட்டர்மேன் மேடையிலேயே அவர்மேல் தீயணைப்புக் கருவியைப் பீய்ச்சினார். தனக்கு மூச்சுத் திணறல் வந்ததாகச் சொல்லி, சிம்மன்ஸ் பல ஆண்டுகள் அந்த நிகழ்ச்சிப் பக்கமே போகவில்லை.

2004-இல் ஒரு விமான நிலையத்தில் ஒருவர் அவரைப் பார்த்துச் சத்தமாகக் கிண்டல் செய்ய, சிம்மன்ஸ் அவரை அறைந்துவிட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. அறைந்தது தவறுதான், நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அது செய்தியானபோதும் ஊர் சிரிக்கத்தான் செய்தது.

அதே ஊருக்குத் தெரியாமல் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. தனக்குக் கடிதம் எழுதியவர்களை, எடை தாங்காமல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களை, அவரே தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவார். சிலரோடு வருடக்கணக்கில். அவர்கள் அழுதால் இவரும் அழுவார். அந்தக் கண்ணீரைத்தான் நடிப்பு என்றார்கள்.

ஆசிரியர் நண்பர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2008 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் கல்விக் குழுவின் முன் சாட்சி சொல்ல வந்தார். அங்கே 2002-இல் கையெழுத்தான கல்விச் சட்டம் வாசிப்பையும் கணக்கையும் தேர்வு வைத்து அளந்தது. அளக்கப்படாத உடற்கல்விக்குப் பள்ளிகளில் நேரம் சுருங்கியது. பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பைத் திருப்பிக் கொடுங்கள் என்று உருக்கமாகக் கேட்டார். அவர் ஆதரித்த மசோதா அப்போது சட்டமாகவில்லை. 2015-இல் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம், முழுமையான கல்வி என்பதில் உடற்கல்வியையும் சேர்த்தது.

நம்மிடம் மட்டும் என்ன வாழ்ந்தது? பி.டி. பீரியடை வாங்கிக் கணக்கு நடத்தியவர்களில் நானும் ஒருவன். அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன், நல்ல பருமன். ஒருநாள் டிரில் நேரத்தில் அவன் பின்தங்க, "வாடா குண்டோதரா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். அவன் சிரித்ததால் வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு டிரில் இருக்கும் நாளில் எல்லாம் அவனுக்கு வயிற்றுவலி வந்துவிடும். காரணம் எனக்குப் புரியவே பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அவன் எங்கோ போய்விட்டான். மன்னிப்புக் கேட்க வாய்ப்புக் கிடைக்கவில்லை.

சரி, கதைக்கு வருவோம். 2014 பிப்ரவரிக்குப் பிறகு சிம்மன்ஸ் வெளியில் வருவதையே நிறுத்திவிட்டார். 2016-இல் கூடத்தையும் மூடினார். கிண்டல் செய்த அதே ஊர் இப்போது "எங்கே போனார்?" என்று கேட்டது. வேலைக்காரர் பூட்டி வைத்திருக்கிறாரா, பெண்ணாக மாறுகிறாரா என்றெல்லாம் வதந்தி. 2017-இல் அவரைத் தேடுவதையே தலைப்பாக வைத்து ஒரு பாட்காஸ்ட் தொடர் வந்து பெரிய வரவேற்பைப் பெற்றது. போலீசார் வீட்டுக்கே போய்ப் பார்த்து, அவர் நலமாக இருக்கிறார், தன் விருப்பப்படிதான் இருக்கிறார் என்றார்கள். ஒரு மனிதர் அறுபத்தைந்து வயதில் ஓய்வெடுத்து வீட்டுக்குள் இருப்பதற்குப் போலீஸ் சான்றிதழ் தேவைப்பட்டது! உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்று நம் பாட்டிகள் சும்மாவா சொன்னார்கள்?

2024 ஜூலை 13, தன் எழுபத்தாறாவது பிறந்தநாளுக்கு மறுநாள், வீட்டில் இறந்துகிடந்தார். கீழே விழுந்ததில் ஏற்பட்ட காயங்கள், கூடவே இதயநோய் என்று பரிசோதனையில் தெரிந்தது. அதற்குப் பிறகு நாடே அவரைக் கொண்டாடியது. அவரிடமிருந்து போன் வந்த கதைகளைச் சாதாரண மனிதர்கள் ஒவ்வொருவராக எழுதினார்கள். கோமாளி என்ற சொல் அந்த ஒரு வாரம் எங்கேயோ ஒளிந்துகொண்டது.

அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. உணவுக்கு அட்டைக்கணக்கு வைத்து அவர் விற்ற திட்டம் எல்லோருக்கும் பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்தவர்களை எழுந்து ஆட வைத்தார். அதற்கு விலையாகத் தன்னைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவரும் சேர்ந்து சிரித்ததால் அவருக்கு வலிக்கவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது, நான் நினைத்ததைப் போலவே.

பேத்திக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப கோமாளி இல்லையா தாத்தா?" என்றாள். "வாத்தியார்மா" என்றேன். இப்போது மழை நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் அவரோடு சேர்ந்து குதிக்கிறோம்.

உங்கள் வகுப்பில் இருந்த அந்தக் குண்டுப் பையன், அல்லது பெண், நினைவுக்கு வந்தால் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். நம்பர் இருந்தால் ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.