ஒரு பவுண்டு காப்பிக்கு என்ன விலை?

2016இல் அலுவலக வேலையாக ஒன்பது மாதம் நெதர்லாந்தின் ஊத்ரெக்ட் நகரத்தில் இருந்தேன். எங்கள் தளத்தில் இருந்த காப்பி இயந்திரத்தின்மேல் ஒரு சின்ன முத்திரையும் ‘மாக்ஸ் ஹாவெலார்’ என்ற பெயரும் ஒட்டியிருக்கும். ரொம்ப நாள் அது காப்பிக் கம்பெனி முதலாளியின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நம்மூரில் காப்பித்தூள் கடைகளுக்கு முதலாளி பெயரை வைப்பதில்லையா, அதுமாதிரி. ஒரு நாள் பக்கத்து இருக்கைக்காரரிடம் யார் இந்த ஹாவெலார் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “அது ஒரு நாவல். பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொன்னார்கள், நான் முழுசாகப் படிக்கவில்லை” என்றார்.

காப்பிப் பொட்டலத்துக்கு நாவலின் பெயரா? அன்று மாலையே தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் நெதர்லாந்தில் தொடங்கி, ஜாவா வழியாக, மெக்சிகோவின் தென்கோடி மலைகளில் போய் நின்றது.

நாவல் 1860இல் வந்தது. எழுதியவர் எடுவர்ட் டவஸ் டெக்கர்; ‘முல்தாத்துலி’ என்ற புனைபெயரில் எழுதினார். டச்சுக்காரர்களின் ஆட்சியிலிருந்த ஜாவாவில், லெபாக் என்ற மாவட்டத்தில் உதவி அதிகாரியாக இருந்தவர். 1830 முதல் அங்கே ‘பயிரிடும் முறை’ என்று ஒன்று நடப்பிலிருந்தது. விவசாயி தன் நிலத்தில் ஒரு பகுதியிலோ, தன் உழைப்பில் ஒரு பகுதியைக் கொண்டோ, காப்பி, கரும்பு, அவுரி போன்றவற்றை அரசுக்காகப் பயிரிட வேண்டும். விலையை அரசே வைக்கும். டச்சு அரசின் கஜானாவை நிரப்பியது அந்தக் காப்பிதான். குடிகளை உள்ளூர்த் தலைவர்கள் கசக்கிப் பிழிவதைக் கண்டித்து டெக்கர் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். மேலிடம் அசையவில்லை. வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பி நாவலை எழுதினார். பி.எச். டேனியல் என்ற தோட்டத்து மருத்துவர் எழுதிய ‘எரியும் பனிக்காடு’ நமக்கு எப்படியோ, ஏறக்குறைய அப்படி ஒரு இடம் அவர்களுக்கு அந்த நாவல். என்ன ஒரு வித்தியாசம், நாம் இன்னும் எந்தத் தேயிலைப் பொட்டலத்துக்கும் ‘எரியும் பனிக்காடு’ என்று பெயர் வைக்கவில்லை.

நாவல் நாட்டை உலுக்கியது உண்மை. ஆனாலும் ஜாவாவில் கட்டாயக் காப்பிச் சாகுபடி முழுமையாக ஒழிய இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

இனி மெக்சிகோ. வஹாக்கா மாநிலத்தில், தெவாந்தெபெக் பூசந்திக்கு மேலே உள்ள மலைகளில் சபொதெக், மிஹே முதலான பழங்குடிகள் வாழ்கிறார்கள். ஆளுக்கு ஐந்தாறு ஏக்கர், பலருக்கு அதுவும் இல்லை. காட்டு மர நிழலில் காப்பிச்செடி, மற்ற இடத்தில் வீட்டுக்கான சோளமும் அவரையும். காப்பியைப் பழமாகப் பறித்து, தோலுரித்து, தொட்டியில் புளிக்கவைத்து, கழுவி, முற்றத்தில் காயப்போடுவார்கள். ஓட்டோடு இருக்கும் அந்தக் கொட்டையை மூட்டையாகக் கட்டிக் கழுதை மேலோ தலைச்சுமையாகவோ கீழே இறக்க வேண்டும். பல ஊர்களுக்குச் சாலை கிடையாது. மூட்டை இறங்கும் இடத்தில் வியாபாரி காத்திருப்பான். அவனுக்கு அங்கே ‘கொயோத்தே’ என்று பெயர். கொயோத்தே என்றால் அந்த ஊர் நரி; விளக்கம் வேண்டாம் என்று நினைக்கிறேன். தராசு அவனுடையது, விலை அவன் சொல்வது. மழைக்காலத்தில் அரிசி பருப்புக்கும் மருந்துக்கும் முன்கடன் கொடுத்தவனும் அவனே, ஆகவே கொட்டை வேறு யாரிடமும் போகாது.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1958இல் தொடங்கப்பட்ட ‘இன்மெகாஃபே’ என்ற காப்பி நிறுவனம் எழுபதுகளில் கிராமங்களுக்கே போய்க் கொள்முதல் செய்தது. உரமும் முன்பணமும் கொடுத்தது. நம்முடைய காபி வாரியத்தின் பொதுத் தொகுப்பு முறை ஞாபகம் வரலாம். கொயோத்தேக்குப் பதில் அரசு ஊழியர் தராசு பிடித்தார், அவ்வளவுதான் என்று மலையில் சொன்னவர்களும் உண்டு. நியாயமான கசப்பு, ஆனால் அந்தக் கொள்முதல் நிலையம் இல்லாமல் போனபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1980இல் இந்த மலைக்கு ஃப்ரான்ஸ் வான் டெர் ஹோஃப் என்ற டச்சுப் பாதிரியார் வந்து சேர்ந்தார். 1939இல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிலேயில் வேலை செய்துகொண்டிருந்தபோது 1973இல் ராணுவப் புரட்சி வந்தது; அங்கிருந்து மெக்சிகோவுக்கு வந்தவர். கோயிலில் பூசை செய்து சாப்பிடுகிற பாதிரியார் இல்லை, தானும் காப்பி பயிரிட்டு அந்த வருமானத்தில் வாழ்ந்தவர். 1981இல் சில ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். என்ன பிரச்சினை என்றால், எல்லாரும் கடைசியில் காப்பி விலையில் வந்து நின்றார்கள். கொட்டையை ஒன்றாகச் சேர்த்து, நேராக வெளியே விற்றால் என்ன? அந்தக் கேள்வியிலிருந்து வந்த சங்கத்துக்கு ‘பூசந்திப் பகுதிப் பழங்குடிச் சமூகங்களின் ஒன்றியம்’ என்று நீளமான பெயர். ஸ்பானிய முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘உசிரி’. நம்ம காதில் ‘உசிரு’ என்றே விழுகிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

சங்கம் லாரி வாங்கியது, கிட்டங்கி கட்டியது, பேருந்து விட்டது, விவசாயிகளுக்கென ஒரு பள்ளி நடத்தியது. கொயோத்தேகள் சும்மா இருப்பார்களா? உறுப்பினர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். விலை என்கிற விஷயத்தைப் பற்றி நாம் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து பேசுகிறோம். அங்கே அதற்குத் துப்பாக்கி பதில் சொன்னது.

எண்பதுகளின் நடுவில் வான் டெர் ஹோஃப் ஊருக்கு வந்தபோது, ‘சாலிடாரிடாட்’ என்ற தேவாலயம் சார்ந்த உதவி அமைப்பின் நிகோ ரோசன் என்பவரைச் சந்தித்தார். மலை மக்கள் சொல்லியனுப்பியது சுருக்கமானது. பள்ளிக்கூடத்துக்கும் கிணற்றுக்கும் நன்கொடை அனுப்புகிறீர்கள், நன்றி. அதை விட்டுவிட்டு எங்கள் காப்பிக்குச் சரியான விலை கொடுங்கள், கிணற்றை நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.

இந்த எண்ணம் ஒரேயடியாக வானத்திலிருந்து விழவில்லை. நெதர்லாந்தில் 1969 முதலே ‘உலகக் கடைகள்’ இருந்தன. 1973இல் குவாத்தமாலாவின் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து காப்பி வாங்கி அவற்றில் விற்றார்கள். ஆனால் அங்கே போய் வாங்கியவர்கள் ஏற்கெனவே மனம் மாறியவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டி தள்ளுகிற சாமானியருக்கு அந்தக் காப்பி கண்ணிலேயே படாது. ரோசனும் வான் டெர் ஹோஃபும் கண்டுபிடித்த வழி, காப்பியைத் தாங்கள் விற்காமல் முத்திரையை மட்டும் கொடுப்பது. எந்த வறுப்பாலையும் விதிமுறைப்படி வாங்கினால் தன் பொட்டலத்தில் முத்திரையைக் குத்திக்கொள்ளலாம். விதிகள் நான்கைந்துதான்: சிறு விவசாயிகளின் சங்கத்திடம் நேராக வாங்க வேண்டும், சந்தை எவ்வளவு விழுந்தாலும் ஒரு குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகக் கூடாது, கேட்டால் ஒப்பந்தத் தொகையில் ஒரு பகுதியை அறுவடைக்கு முன்பே தர வேண்டும். 1988 நவம்பர் 15 அன்று முத்திரை வெளியானது. ஒவ்வொரு டச்சுக்காரரும் பள்ளியில் கேள்விப்பட்ட பெயரையே அதற்கு வைத்தார்கள்.

ஏறக்குறைய எட்டு மாதம் கழித்து இடி விழுந்தது.

1962 முதல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று பங்கு பிரித்து, விலை ஒரு வரம்புக்குள் நிற்கும்படி பார்த்துக்கொண்டது. பனிப்போர்க் காலத்தில், லத்தீன் அமெரிக்கக் குடியானவர்கள் கம்யூனிஸ்ட் ஆகிவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்காவும் இதற்கு ஒத்துழைத்தது. 1989 ஜூலையில் பேச்சுவார்த்தை முறிந்து பங்கீடு கைவிடப்பட்டது. சில மாதங்களில் விலை ஏறத்தாழப் பாதியானது. அதே வருடம் இன்மெகாஃபே கொள்முதலை நிறுத்த ஆரம்பித்தது; 1993இல் நிறுவனமே இல்லை. அரசு ஊழியரின் தராசைத் திட்டியவர்கள் இப்போது மறுபடியும் கொயோத்தேயின் தராசு முன்னால் நின்றார்கள். இந்த வெற்றிடத்தில்தான் வஹாக்கா முழுக்கப் புதுச் சங்கங்கள் முளைத்தன. உசிரி எட்டு வருடம் முந்திக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளில் முத்திரையின் குறைந்தபட்ச விலை, கழுவிய அராபிகா பவுண்டுக்கு 1 டாலர் 21 சென்ட். அதற்கு மேல் சங்கத்தின் பொதுச் செலவுக்கு 5 சென்ட், இயற்கை முறையில் விளைந்தால் இன்னும் 15 சென்ட். ஆக 1 டாலர் 41 சென்ட். வியட்நாம் காப்பி சந்தையில் கொட்ட ஆரம்பித்த பிறகு, 2001 கடைசியில் நியூயார்க் விலை 50 சென்டுக்கும் கீழே போனது. இரண்டுக்கும் நடுவில் 90 சென்ட். ஒரு குடும்பம் வருடத்துக்கு 1,000 பவுண்டு எடுக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 900 டாலர்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. நானும் முதலில் நம்பினேன். அந்த விலை துறைமுகத்தில் கப்பலேறும்போது கொடுக்கப்படுவது. சங்கத்தின் லாரி, ஆலை, அலுவலகம், சான்றிதழ்க் கட்டணம், பழைய கடன் எல்லாம் கழிந்து மிச்சம்தான் முற்றத்துக்கு வரும். அதைவிட முக்கியமானது, சங்கத்தின் விளைச்சல் முழுவதையும் முத்திரை விலைக்கு வாங்க ஆள் கிடையாது. மீதியைச் சாதாரண விலைக்கே தள்ள வேண்டும். அதனால் பொட்டலத்தின் பின்பக்கத்தில் சிரிக்கும் விவசாயியின் படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் 2001இல் அந்த மலையில் காப்பியை வெட்டிவிட்டு எல்லை தாண்டிப் போகாமல் சில குடும்பங்களாவது இருக்க முடிந்தது என்றால், அதில் அந்த 90 சென்டுக்குப் பங்குண்டு.

இயற்கை வேளாண்மையின் கதை தனி. சியாபாஸ் மாநிலத்தில் ‘ஃபின்கா இர்லாந்தா’ என்ற ஜெர்மானியக் குடும்பத்தின் பெரிய தோட்டம் அறுபதுகளிலேயே இயற்கைக் காப்பிக்குச் சான்றிதழ் வாங்கியிருந்தது. உசிரிக்காரர்கள் அங்கே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு உரம் வாங்க ஏற்கெனவே காசில்லை, ஆகவே அவர்கள் தன்னாலேயே இயற்கை விவசாயிகள் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. உரம் போடாமல் விட்டால் அது கைவிட்ட தோட்டம்தான். பழத்தோலை மட்கவைத்து எரு தயாரிப்பது, சரிவில் மண் அரிக்காமல் படி கட்டுவது, நிழல்மரத்தைக் கவாத்து செய்வது என்று வேலை இரட்டிப்பாகிறது. பிறகு மூன்று வருடம் காத்திருந்தால்தான் சான்றிதழ்.

ஆயிரக்கணக்கான துண்டு நிலங்களை ஐரோப்பாவிலிருந்து ஒரு ஆய்வாளர் வந்து பார்க்க முடியுமா? அதற்காக உருவானது ‘உள்கட்டுப்பாட்டு முறை’. சங்கமே தன் உறுப்பினர்களில் சிலரைப் பயிற்றுவித்து, பக்கத்து ஊர்த் தோட்டங்களைச் சோதிக்க அனுப்பும். படிவம், வரைபடம், விளைச்சல் மதிப்பீடு எல்லாம் எழுதிவைக்கும். வெளி ஆய்வாளர் அந்தப் பதிவேடுகளையும் மாதிரிக்குச் சில தோட்டங்களையும் மட்டும் பார்ப்பார். என் தொழிலில் ஒருத்தர் எழுதிய நிரலை இன்னொருத்தர் சரிபார்ப்பது தினசரி வேலை. அதில் வரும் மனஸ்தாபம் எனக்குத் தெரியும். சித்தப்பா மகன் களைக்கொல்லி அடித்ததை நீங்கள் படிவத்தில் எழுதினால் அடுத்த திருவிழாவில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2012க்குப் பிறகு இலைத்துரு நோய் மத்திய அமெரிக்காவிலும் தெற்கு மெக்சிகோவிலும் பேயாட்டம் ஆடியது. இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி, பிறகு இலை கொட்டும், செடி மொட்டையாகும். மெக்சிகோவின் மகசூல் சில வருடங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வயதான நாட்டு வகைச் செடிகளை வைத்துக்கொண்டு, செயற்கைப் பூஞ்சணக்கொல்லி அடிக்கவும் அனுமதி இல்லாத இயற்கை விவசாயிகளுக்குப் பலத்த அடி. அந்தப் பூஞ்சணத்துக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது 1869இல், இலங்கையிலிருந்து போன இலைகளை வைத்துத்தான். கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களை அது இருபது வருடத்தில் துடைத்தெறிந்தது. மன்னார் வழியாக நடந்துபோய்ப் பழம் பறித்துத் திரும்பிக்கொண்டிருந்த நம் ஆட்கள், காப்பி போய்த் தேயிலை வந்ததும் அங்கேயே லயங்களில் தங்க நேர்ந்தது. அதே பொடி, நூற்றுச் சொச்சம் வருடத்தில் உலகைச் சுற்றி வஹாக்காவுக்கு வந்திருக்கிறது.

முத்திரை உலகத்திலும் விரிசல் வந்தது. 2011இல் அமெரிக்கக் கிளை தாய் அமைப்பிலிருந்து பிரிந்து, பெரிய தோட்டங்களுக்கும் முத்திரை தரத் தொடங்கியது. தோட்டக் கூலிகளும் ஏழைகள்தானே என்பது அவர்கள் வாதம். தட்டிக்கழிக்க முடியாத வாதம், நம்மவர்களின் தோட்ட வரலாறு தெரிந்த எனக்கு இன்னும் கூடுதலாக உறைக்கிறது. ஆனால் ஆயிரம் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கமும், ஒரே முதலாளியின் எஸ்டேட்டும் ஒரே அலமாரியில் ஒரே முத்திரையோடு நின்றால் எது ஜெயிக்கும்? லத்தீன் அமெரிக்கச் சிறு விவசாயிகள் 2006லேயே தங்களுக்கென்று தனி முத்திரை ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள், சங்கங்களே நடத்துவது. கடைகளில் அதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வான் டெர் ஹோஃப் 2024இல் காலமானார். குறைந்தபட்ச விலை 2023இல் 1 டாலர் 80 சென்டாக உயர்ந்திருந்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் விலை 4 டாலரைத் தாண்டியபோது, அந்தக் குறைந்தபட்ச விலைக்கு வேலையே இல்லாமல் போனது. விவசாயிக்கு நல்ல காலம், சங்கத்துக்குச் சோதனைக் காலம். முன்கூட்டியே பேசிய விலைக்குச் சரக்கு அனுப்ப வேண்டும், உறுப்பினரின் வாசலிலோ கொயோத்தே ரொக்கத்தோடு நிற்கிறான். பள்ளிக்கூடக் கட்டணம் இன்றைக்குக் கட்டவேண்டியவன் என்ன செய்வான்?

அந்த மாதம் அப்பாவுக்கு ஃபோன் செய்தபோது இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டார். “அதான் பார்த்தேன். நம்ம கடையிலயும் கொட்டை விலையை ஏத்திட்டான்டா. சிக்கரியைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லிட்டேன்” என்றார்.