மருந்தளிப்பில் செவிலியர் கவனம் (திருப்பதி, சித்தூர்)

மருத்துவர் எழுதிய மருந்து நோயாளியின் உடலுக்குள் செல்லுமுன் அதைச் சரிபார்க்கும் கடைசி ஆள் செவிலியர். திருப்பதியின் ரூயா, ஸ்விம்ஸ் மருத்துவமனைகளுக்கும் சித்தூர் அரசு மருத்துவமனைக்கும் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் கலந்தே வருகிறார்கள். ஒவ்வாமை உண்டா என்பதை அவரவர் மொழியில்தான் கேட்க வேண்டும். வெங்கடேசன், பாலாஜி, பத்மாவதி என்ற பெயர்கள் இவ்வட்டாரத்தில் ஏராளம். ஆகவே பெயரோடு உள்நோயாளி எண்ணையும் ஒப்பிடாமல் மருந்து தரலாகாது.

இன்சுலினில் ஆபத்து அதிகம். இந்தியாவில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகைக் குப்பிகள் புழங்குகின்றன. 40-க்குரிய சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தைப் 10-ஆம் கோடுவரை ஏற்றினால் உடலில் சேர்வது 25 யூனிட். சர்க்கரை சரிந்து உயிரே போகலாம். இத்தகைய மருந்தை இன்னொரு செவிலியரும் பார்த்தாக வேண்டும். மருந்தைக் கொடுத்தவரே, கொடுத்த பிறகே, பதிவேட்டில் நேரம் குறித்துக் கையொப்பமிட வேண்டும்.