நாட்பட்ட சிறுநீர்த் தொற்றும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும்: எகிப்து தரும் சாட்சியம்

ஒரு வியாதி மற்றொன்றுக்குக் காரணமாகிறதா, அல்லது இரண்டும் ஒரே தேகத்தில் தற்செயலாகக் கூடினவா என்பது வைத்திய சாஸ்திரத்தில் எளிதில் தீரும் வினா அன்று. ஆயினும், நாட்பட்ட சிறுநீர்த் தொற்றுக்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தத்தில் எகிப்து தேசத்தின் அனுபவம் தெளிவான சாட்சியம் தருகிறது. தொற்று நேர்ந்தது என்பதைக் காட்டிலும், அது எத்தனை காலம் தங்கிற்று என்பதே பிரதானம் என்பது அதிலிருந்து நான் கொள்ளும் முடிபு.

1851-ல் கெய்ரோவில் ஜெர்மானிய வைத்தியர் தியோடர் பில்ஹார்ஸ், பிரேத பரிசோதனையின்போது இரத்தக் குழாய்களில் கண்டறிந்ததும், அங்கே இத்தொற்றை விளைவிப்பதுமான புழு, நன்னீர் நத்தைகளில் வளர்ந்து, கால்வாயில் இறங்கும் உழவர்களின் தோலைத் துளைத்து உட்புகுவது. அது ஆண்டுக்கணக்கில் இடும் முள்முனை முட்டைகளில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேற, எஞ்சியவை சிறுநீர்ப்பையின் சுவரிலேயே புதைந்துவிடுகின்றன. 1910-ல் ஆய்வாளர் ரஃபர் எகிப்தின் இருபதாம் வம்சக் காலத்து மம்மிகளிலும் இம்முட்டைகளைக் கண்டார். ஆண்டு முழுதும் நீரோடும் கால்வாய்ப் பாசனம் பரவிய பின் இப்புழுத்தொற்று மேலும் பெருகிற்று. 1911-ல் வைத்தியர் ஃபெர்குசன் கெய்ரோவில் தாம் கண்ட சிறுநீர்ப்பைப் புற்றுநோயை இத்தொற்றுடன் இணைத்து எழுதினார்.

புதைந்த முட்டைகளைச் சுற்றி ஓயாது எழும் அழற்சியினால் பையின் உட்சவ்வு அழிவதும் மீண்டும் வளர்வதுமாக இருக்க, அவ்வாறு விரைந்து பெருகும் செல்களில் மரபணுப் பிழைகள் சேர்வதற்கு இடமுண்டாகிறது. புழுத்தொற்றைத் தொடர்ந்து குடியேறும் பாக்டீரியாக்களோ, சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி, புற்றை விளைவிக்கவல்ல நைட்ரோசமைன்கள் உருவாக வழிசெய்கின்றன.

புழு எங்கும் பரவிய பிரதேசத்தில் புற்றுநோயாளரிடமும் அது காணப்படுவதில் வியப்பென்ன என்று ஆட்சேபிக்கலாம். ஆனால் அங்கே மிகுந்திருந்தது, மேலை நாடுகளில் அரிதான செதிள் செல் புற்று. அது தாக்கியதும் பெரும்பாலும் முதுமை எய்தாத உழவர்களை. பிரசிகுவான்டல் மருந்தினால் தொற்று குறைந்த பின்னர் அவ்வகைப் புற்றின் விகிதம் தாழ்ந்து, புகையிலையோடு சம்பந்தமுடைய மற்றொரு வகை மேலோங்கிற்று. காரணம் விலகக் காரியமும் விலகிற்று என்பதைவிட வலிய நிரூபணம் அரிது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் 1994-ல் இப்புழுத்தொற்றை மனிதரில் புற்று விளைவிக்கும் காரணங்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

முதுகுத்தண்டில் அடிபட்டு, பல்லாண்டு சிறுநீர் வடிகுழாயோடு வாழ்வோரிடமும் செதிள் செல் புற்று மிகுந்து தோன்றுவது, நெடுங்கால அழற்சியே இங்கு முக்கிய காரணம் என்பதை வலியுறுத்துகிறது. சிகிச்சையால் சில தினங்களில் அகலும் சாதாரணத் தொற்றை இவற்றோடு ஒப்பிட்டு அஞ்சுவது நியாயமன்று. உண்மையான அபாயம் வேறிடத்தில் இருக்கிறது: சிறுநீரில் இரத்தம் கண்டபோதெல்லாம், விசேஷமாகப் பெண்களிடத்தில், அதைத் தொற்றென்றே கொண்டு மருந்து மட்டும் அளித்து வந்தால், புற்று வளர்வதற்கு அவகாசம் கொடுத்தவர்களாவோம். மருந்துக்குப் பின்னும் இரத்தம் தொடர்ந்தாலோ திரும்பினாலோ, உள்நோக்கியினால் சிறுநீர்ப்பையைப் பரிசோதித்தே தீர வேண்டும். அது வைத்தியரின் கடமை, நோயாளி கேட்டுப் பெற வேண்டிய உரிமையுங்கூட.