முல்லைத்தீவு அரசாங்க மனைத் தாக்குதல்: 1803

ஓர் அரசின் இருக்கையைக் கைப்பற்றியவன் அவ்வரசையே கைப்பற்றியவனாவானா என்னும் வினா, வரலாற்று மாணவர் பன்முறை எதிர்ப்படும் வினாவாகும். ஈழ வரலாற்றிலே இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்கு 1803ஆம் ஆண்டு பெரிதும் பயன்படும். அவ்வாண்டின் முற்பகுதியில் கண்டி மாநகரும், பிற்பகுதியில் முல்லைத்தீவு அரசாங்க மனையும் படைவலியாற் கைப்பற்றப்பட்டன. இரண்டிலும் வென்றோர் தாம் வென்றதை நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. பண்டாரவன்னியனின் வெற்றியையும் தோல்வியையும் இப்பின்னணியில் வைத்து நோக்குதலே முறையாகும்.

வன்னிபம் என்பது ஒருவர் ஆண்ட ஒரே நாடன்று. பனங்காமம், கரிக்கட்டுமூலை, முள்ளியவளை, கருநாவற்பற்று, மேல்பற்று, தென்னமரவடி முதலிய பற்றுக்களைத் தனித்தனி வன்னியர் ஆண்டனர். யாழ்ப்பாண இராச்சியம் நிலவிய காலத்தில் அதற்கும், பின்னர் போர்த்துக்கேயர்க்கும், 1658இன் பின் ஒல்லாந்தர்க்கும் அவர்கள் திறை செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். அத்திறையிற் சிறந்தது யானை. எனினும் காடும் குளமும் காய்ச்சலும் அரணாக அமைந்தமையால், வன்னியர் திறையைத் தாமதித்தும் மறுத்தும் தம் உரிமையைப் பேணி வந்தனர். ஆகவே அந்நியராட்சி பெயரளவில் இருந்ததேயன்றி ஊர்தோறும் நிலவியதன்று எனலாம்.

இந்நிலை 1782ஆம் ஆண்டளவில் மாறியது. ஒல்லாந்தப் படைத்தலைவராகிய நாகெல் என்பார் வன்னியரை அடக்கி, அந்நாட்டை நேராட்சிக்கு உட்படுத்தினார். முல்லைத்தீவு அவ்வாட்சியின் இருக்கையாயிற்று. கடற்கரையிலிருந்த அவ்விடத்திலிருந்தே உள்நாட்டு வயல்களுக்கு வரியும், மக்களுக்குக் கட்டளையும் சென்றன. 1795ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில் ஆங்கிலேயர் முல்லைத்தீவைக் கைக்கொண்டபோது, கொடி மாறிற்றேயன்றி ஆட்சிமுறை மாறவில்லை. தம் முன்னோரின் உரிமையை ஒல்லாந்தர் பறித்தனர். ஒல்லாந்தரை வென்றவர் அதனை மீளத் தரவில்லை. பண்டாரவன்னியனின் பகைக்கு வேர் இதுவேயாம்.

1802ஆம் ஆண்டு இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஆங்கில முடிக்குரிய குடியேற்ற நாடாயின. தேசாதிபதி பிரெடரிக் நோத் கண்டியையும் தம் மேலாதிக்கத்துட் கொணர விரும்பினார். 1803 பெப்ரவரியில் ஆங்கிலப் படைகள் கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டுக் கண்டியை அடைந்தன. அரண்மனை வெறுமையாய்க் கிடந்தது. அரசனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் மலைகளுட் சென்றுவிட்டான். ஆங்கிலேயர் முத்துசாமி என்னும் அரச குடும்பத்தவனை அரியணையில் அமர்த்தி, ஒரு காவற்படையை நிறுத்திச் சென்றனர். நோயும் உணவுக்குறையும் அப்படையை நலிவித்தன. யூன் 24ஆம் நாள் மேயர் டேவி சரணடைந்தார், அவர் படையினருட் பெரும்பாலார் கொல்லப்பட்டனர், முத்துசாமியும் மாண்டான். ஆங்கிலேயர் வெல்லற்கரியர் என்னும் எண்ணம் ஈழமெங்கும் தளர்ந்தது.

இச்செவ்வியை வன்னியன் நழுவவிடவில்லை. கண்டியரின் துணையைப் பெற்று, 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவிலிருந்த அரசாங்க மனையைத் தாக்கினான். காவற்படைத் தலைவர் கப்டன் வொன் டிறிபேக் எதிர்த்து நிற்கமாட்டாது, தம் படையுடன் தோணியேறி யாழ்ப்பாணம் சேர்ந்தார். வன்னியனின் ஆட்கள் வடபகுதியெங்கும் பரவி ஆனையிறவு வரை சென்றனர். இருபது ஆண்டுகளாக வன்னிக்குக் கட்டளை பிறப்பித்த மனை, வன்னியன் கைப்பட்டது. இஃது கொள்ளையர் செயலன்று. பொருளே நோக்கமாயின் வழிப்பறியே போதுமானதாயிருந்திருக்கும்; ஆட்சியின் இருக்கையைத் தேர்ந்து தாக்கினமையே அவன் நோக்கம் ஆட்சி என்பதைக் காட்டும்.

ஆயினும் அவ்வெற்றி ஏறத்தாழ இரண்டு திங்களே நிலைத்தது. காரணம் யாது? ஆங்கிலேயர் முல்லைத்தீவு மனையை இழந்தனரேயன்றிக் கடலை இழந்திலர். யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்னும் மூன்று நிலைகளும் அவர் கையிலே இருந்தன. வன்னியனிடம் காடு இருந்தது, கப்பல் இல்லை. அவனுக்குத் துணையாயிருந்த கண்டியரசனும் அதே வேளையிற் கொழும்புப் பக்கம் போரிட்டு, செப்ரெம்பரில் ஹன்வெல்லையிற் பின்வாங்க நேர்ந்தது. ஆங்கிலேயர் மேற்சொன்ன மூன்று நிலைகளிலிருந்தும் படைகளை வன்னிமேற் செலுத்தினர். முன்னர்த் தோணியேறித் தப்பிய டிறிபேக்கே யாழ்ப்பாணப் படையுடன் வந்து, ஒக்ரோபர் 31ஆம் நாள் விடியற்காலையில் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் வன்னியனை எதிர்பாராவகை தாக்கி முறியடித்தார்.

கற்சிலைமடுவில் நாட்டப்பட்ட நினைவுக்கல், அவ்விடத்தை அடுத்து டிறிபேக் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்றே கூறிற்று. கொன்றார் என்று கூறவில்லை. மக்கள் வழக்கோ அந்நாளையே அவன் வீழ்ந்த நாளாகக் கொண்டது. வென்றவன் நாட்டிய கல்லே தோற்றவன் பெயரைக் காத்து வந்தது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

மக்கள் வழக்கிலுள்ள பிறிதொரு செய்தி மேலும் ஆராயத்தக்கது. காக்கைவன்னியன் காட்டிக்கொடுத்தமையாலேயே பண்டாரவன்னியன் தோற்றான் என்பர். ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையிற் காக்கைவன்னியன் சங்கிலி மன்னனைப் போர்த்துக்கேயர்க்குக் காட்டிக்கொடுத்தவனாகத் தோன்றுகின்றான். இரு நூற்றாண்டுக்கு முற்பட்ட கதையின் மாந்தன் 1803ஆம் ஆண்டுக் களத்தில் எவ்வாறு நிற்பான்? பழங்கதையின் வஞ்சகன் புதுக்கதையிற் புகுந்தான் எனக் கொள்வதே பொருந்தும். 1964இல் வெளிவந்த முல்லைமணியின் 'பண்டாரவன்னியன்' நாடகம் போன்றவை அவ்வீரனை மேடையேற்றி மக்கள் மனத்தில் நிலைநிறுத்தின. நாடகத்திற்கு வஞ்சகன் வேண்டும். வரலாற்றிற்கோ காரணம் வேண்டும். தோல்வியை ஒருவன் வஞ்சகத்தின்மேல் ஏற்றிவிட்டால், கடலும், படைநிலைகளும், பற்றுக்கள் தம்முள் ஒன்றுபடாமையும் கண்ணுக்குத் தெரியாது போகும். அது அவ்வீரனுக்குச் செய்யும் சிறப்பன்று. அவன் எதிர்த்த வலிமையின் அளவை மறைப்பதேயாகும்.

இனித் தொடக்கத்திற் கூறிய வினாவிற்கு வருவாம். ஆங்கிலேயர் கண்டி அரண்மனையைப் பிடித்தும் கண்டியைப் பெறவில்லை. மலையும் குடிகளும் அரசன் பக்கம் நின்றன. வன்னியன் முல்லைத்தீவு மனையைப் பிடித்தும் வன்னியை மீளப் பெறவில்லை. கடலும் துறைகளும் பகைவர் பக்கம் நின்றன. ஆட்சியின் இருக்கை ஆட்சியின் அடையாளமேயன்றி அதன் உயிரன்று. 1815இல் ஆங்கிலேயர் கண்டியை முற்றாகப் பெற்றபோது, படையினும் மேலாகக் கண்டிப் பிரதானிகளின் பிளவே அவர்க்குக் கைகொடுத்தது என்பதும் இதனை வலியுறுத்தும்.

அவ்வாறாயின் ஓகஸ்ட் 25 வீணான நாளோ? அன்று. அடையாளத்திற்கும் ஒரு வலிமை உண்டு. அசையாதென எண்ணப்பட்ட ஆட்சி ஒருநாள் தோணியேறி ஓடியதைக் கண்ட குடிகள் அதனை மறந்திலர். 1982ஆம் ஆண்டில் இலங்கை அரசு பண்டாரவன்னியனைத் தேசிய வீரனாக அறிவித்தது. வவுனியா நகரில் அவனுக்குச் சிலையும் எழுந்தது. எனினும் சிலைக்கு மாலை சூட்டுவதோடு கடன் தீராது. வென்ற காரணத்தையும் தோற்ற காரணத்தையும் ஒருங்கே அறிந்து, பின்வருவோர்க்கு உள்ளவாறு உரைத்தலே அவனுக்கு மாணவ உலகம் செலுத்தவேண்டிய திறையாகும்.